நிஃப்டி ஐடி: மார்ச் மாற்றத்துக்குப் பிறகு கணக்கு இடிக்கிறது

சேலம் ஐந்து ரோட்டில் வார வகுப்புக்காக நிஃப்டி ஐடி குறியீட்டை (என்எஸ்இ பங்குச் சந்தையின் ஐடி நிறுவனக் குறியீடு) எக்செல் 2019ல் கையால் கட்டியிருக்கிறேன். 10 பங்குகள். மார்ச் கடைசி வர்த்தக நாள் வரை என்எஸ்இ எண்ணுக்கும் என் எண்ணுக்கும் 2 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. குறியீட்டில் பங்குகளின் எடை மாறிய மறுநாளிலிருந்து என் எண் அதிகமாகவே நிற்கிறது.

இன்ஃபோசிஸ் ஏறும் நாளில் இடைவெளி கூடுகிறது, டிசிஎஸ் ஏறினால் குறைகிறது. டிவைசர் (மொத்த மதிப்பை வகுத்துக் குறியீட்டு எண்ணாக்கும் எண்) மட்டும் தப்பென்றால் விகிதம் அப்படியே நிற்கும். ஆகவே எடைதான் கோளாறு.

பார்த்தவை: புரமோட்டர் பங்கைக் கழித்த ஃப்ரீ ஃப்ளோட்டுக்கு (செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்ப்பது மாதிரிதான், மொத்த எடை பேசாது) புதிய ஐடபிள்யூஎஃப் (சந்தையில் புழங்கும் பங்கின் விகிதம்) போட்டாயிற்று. போனஸ், ஸ்ப்ளிட், பைபேக் மூன்றும் சரிபார்த்தாயிற்று. டிவிடெண்டைச் சேர்க்கவில்லை; அது டிஆர்ஐக்கு (டிவிடெண்டையும் சேர்த்த குறியீடு) மட்டும். 2004 மே 28ல் அடிப்படை 1000த்திலிருந்து 100 ஆனதும் கணக்கில் இருக்கிறது.

மிச்சம் கேப்பிங், அதாவது எடைக்கு உச்சவரம்பு. ஒரு பங்கு 33 சதவீதம், முதல் மூன்றும் சேர்ந்து 62 சதவீதம் தாண்டக்கூடாது. ஜனவரி 31 விலையை வைத்து கேப்பிங் ஃபேக்டர் (எடையை வரம்புக்குள் குறைக்கும் பெருக்கு எண்) போட்டேன், சந்தேகமே அங்கேதான்.

கேப்பிங் ஃபேக்டரை எந்த நாளின் குளோசிங் விலையில் கணக்கிட வேண்டும்?