நேற்று நடந்ததற்கெல்லாம் ‘ஹேட்’ போடாதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேசும்போது எப்படியோ சமாளித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுதும் மெயிலிலும் கடிதத்திலும் ‘ஹேட்’ (had) இடம் மாறினால் அர்த்தமே மாறிப்போகும்.

“நேத்து பெருந்துறை போயிருந்தனுங்க” என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அதனால் எழுதும்போதும் “ஐ ஹேட் கான் டு பெருந்துறை யெஸ்டர்டே” என்றுதான் கை போகும். ஊர் ஆபீஸில் யாரும் இதைத் திருத்த மாட்டார்கள். இங்கே படிக்கிறவர், ‘சரி, அதற்கப்புறம் என்ன ஆயிற்று?’ என்று அடுத்த வரியைத் தேடுவார். முடிந்துபோன ஒரு விஷயத்துக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் இந்த ‘ஹேட்’ வடிவம், அதாவது பாஸ்ட் பெர்ஃபெக்ட். நாளைக் குறிப்பிட்டு ஒரே விஷயத்தைச் சொல்வதற்கு “ஐ வென்ட்” போதும்.

வீட்டு ஓனருக்கு “ஐ பெய்ட் த ரெண்ட் ஆன் ஃபிரைடே” என்று எழுதுங்கள். “ஐ ஹேட் பெய்ட்” என்றால், கட்டிய பணம் ஏதோ சிக்கலாகித் திரும்பி வந்துவிட்டதோ என்று அவர் நினைக்க இடமிருக்கிறது. நாள் சொல்லாமல் ‘கட்டிவிட்டேன்’ என்று மட்டும் தெரிவிக்க “ஐ ஹேவ் பெய்ட்”.

அதற்காக ‘ஹேட்’டை அடியோடு விட்டுவிடவும் கூடாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். திங்கட்கிழமை துணி டையிங்குக்கு, அதாவது சாயம் போட, போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஆர்டர் கொடுத்த பையர் கலரை மாற்றுகிறார். அப்போது “வென் த பையர் சேஞ்ச்ட் த கலர், வீ ஹேட் ஆல்ரெடி சென்ட் த ஃபேப்ரிக்” என்றே எழுத வேண்டும். வெறும் “வீ சென்ட்” என்று எழுதினால், கலர் மாற்றம் தெரிந்த பிறகுதான் நாம் துணியை அனுப்பினோம் என்று ஆகிவிடும். நஷ்டம் யார் தலையில் என்ற பேச்சு வரும்போது அந்த மெயிலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இருந்தால் முன்பின் தானாகவே தெரிந்துவிடும், ‘ஹேட்’ இல்லாவிட்டாலும் தப்பில்லை.

‘இஃப்’ வரும் இடம் தனி. “இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் டோல்ட் யூ” என்பதுதான் சரி. பலர் “இஃப் ஐ வுட் ஹேவ் நோன்” என்று ‘இஃப்’ வரும் பாதியிலேயே ‘வுட் ஹேவ்’ போட்டுவிடுகிறார்கள். வேலைக்கான கடிதத்தில் அது வேண்டாம்.

முக்கியமான மெயில் என்றால், அனுப்பும் முன் ‘ஹேட் கான்’, ‘ஹேட் பெய்ட்’ மாதிரி வரும் ஒவ்வொரு ‘ஹேட்’டுக்கும் பின்னால் நடந்தது என்ன என்று தேடிப் பாருங்கள். ‘இஃப்’ வரியும் இல்லை, பின்னால் நடந்ததும் எதுவும் இல்லை என்றால் அதை எடுத்துவிட்டு ‘வென்ட்’, ‘பெய்ட்’ மாதிரி சாதாரணமாக எழுதுங்கள்.