மெடிக்கல் லேப் டிப்ளோமாவிலிருந்து பயோமெடிக்கல் டிகிரிக்கு: எத்தனை பாடம் கழியும்?

பட்டர்வொர்த்_டியூஷன்:
வணக்கம். எங்கள் டியூஷனுக்கு வரும் மூன்று பிள்ளைகள் தனியார் காலேஜில் மெடிக்கல் லேப் டிப்ளோமா கடைசி செமஸ்டரில் இருக்கிறார்கள். டிகிரி முடித்து ஆராய்ச்சிப் பக்கம் போக மூவருக்கும் ஆசை. டிப்ளோமாவில் படித்த பாடங்களை டிகிரியில் மறுபடி படிக்காமல் கழிக்கலாம் என்கிறார்கள். எத்தனை பாடம் கழியும்? இப்போதே எதைச் சேர்த்து வைக்க வேண்டும்? இன்னொரு பிள்ளை கொமுனிட்டி காலேஜில் சிஜில் (சான்றிதழ்) படிக்கிறாள். அவளுக்கும் வழி இருக்கிறதா?

குமரன்_கேஎல்:
மலேசியத் தகுதி நிறுவனமான எம்க்யூஏவின் விதிப்படி, டிப்ளோமாவிலிருந்து டிகிரிக்கு மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை மாற்றலாம். 120 கிரெடிட் டிகிரி என்றால் 36. அது உச்சவரம்பு, அவ்வளவும் கிடைத்தே தீரும் என்று எண்ண வேண்டாம். பாடத்தில் குறைந்தது சி கிரேட் வேண்டும், உள்ளடக்கம் 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும்.

அந்த 80 விழுக்காட்டில்தான் பலர் மாட்டுகிறார்கள். டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயர் மட்டும் இருக்கும். பெயரைப் பார்த்து யாரும் கழிக்க மாட்டார்கள். வார வாரியான தலைப்புகள், லேப் மணிநேரம், மதிப்பெண் பங்கீடு எல்லாம் உள்ள பாடத்திட்டம் தேவை. பிள்ளைகள் சேர்ந்த இன்டேக்குக்கு உரிய பதிப்பையே காலேஜ் முத்திரையோடு வாங்குங்கள். படிப்பு முடிந்தபின் பழைய பதிப்பைத் தேடி எடுப்பது பெரும்பாடு. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் எம்க்யூஆர் பதிவேட்டில் அந்த டிப்ளோமாவுக்கு முழு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் இன்றே பாருங்கள்.

நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் சிஜில் 3ஆம் நிலை. அந்தப் பிள்ளை முதலில் 4ஆம் நிலையான டிப்ளோமாவுக்கு ஏறட்டும். பிறகு இதே பாதைதான்.

மைக்ரோபைப்பெட்:
ஒன்று சேர்க்கிறேன். பினாங்குப் பிள்ளைகள் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) என்றதும் பினாங்கிலுள்ள மிண்டன் வளாகத்தை நினைக்கிறார்கள். பயோமெடிசின் டிகிரி கிளந்தானில், குபாங் கெரியான் வளாகத்தில். யூகேஎம்மில் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) கேட்டால் கோலாலம்பூர், ஜாலான் ராஜா மூடா. விடுதிச் செலவை இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். மூயட் ஆங்கிலத் தேர்வு எழுதாவிட்டால் உடனே பதியுங்கள்.

கழிக்க முடிந்த எல்லாவற்றையும் கழிக்காதீர்கள். ஹெமட்டாலஜி, அனாட்டமி போனால் பரவாயில்லை. பயோகெமிஸ்ட்ரியும் மாலிகுலர் பயாலஜியும் டிகிரியில் மறுபடி படிப்பதே நல்லது. டிப்ளோமா, பரிசோதனையை முறைப்படி செய்யப் பழக்குகிறது. ஆராய்ச்சியில் அந்த முறையையே கேள்வி கேட்க வேண்டும்.

பட்டர்வொர்த்_டியூஷன்:
நன்றி சார். ஆனால் கட்டணம் குறையுமே, எல்லாவற்றையும் கழித்துவிடலாம் என்று பெற்றோர் சொல்கிறார்கள்.

குமரன்_கேஎல்:
கட்டணம் குறையலாம், காலம் குறையும் என்று உறுதியில்லை. ஒரு பாடம் முடிந்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாக வரும். சில பாடங்கள் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். ஆறு பாடம் கழிந்தும் டிகிரிக்கு உரிய முழுக் காலமும் ஆகலாம். கையெழுத்துப் போடுமுன் செமஸ்டர் வாரியான அட்டவணையை ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பிடிபிடிஎன் கல்விக் கடன் எத்தனை செமஸ்டருக்கு என்பதையும் அதோடு ஒப்பிடுங்கள்.

மைக்ரோபைப்பெட்:
டிகிரி இடத்துக்குக் காத்திருக்கும் மாதங்களில் நீர்த்தல் கணக்கைப் பழக்குங்கள், அண்ணே. டிப்ளோமா முடித்து வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 10 மில்லிமோலார் கரைசலிலிருந்து 100 மைக்ரோமோலார் 5 மில்லி வேண்டும்: நூறு மடங்கு நீர்த்தல், ஆகவே 50 மைக்ரோலிட்டர் எடுத்து 5 மில்லிக்கு நிரப்ப வேண்டும். தாள் பார்க்காமல் வர வேண்டும்.

காலேஜ் லேப் இன்னும் திறந்திருந்தால் பைப்பெட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். 1000 மைக்ரோலிட்டர் தண்ணீர் 25 டிகிரியில் தராசில் சுமார் 0.997 கிராம் காட்ட வேண்டும். பத்துத் தடவை எடுத்து எடையைக் குறிக்கட்டும். எடை கூடினால், உறிஞ்சும்போது பைப்பெட் பட்டனை முதல் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்துகிறார்கள். குறைந்தால், கட்டைவிரலை வேகமாக விட்டுக் காற்றை இழுக்கிறார்கள். அதன்பின் 100 மைக்ரோலிட்டர் எடுத்து 900 மைக்ரோலிட்டரில் விடும் தொடர் நீர்த்தல், ஐந்து குழாய். ஒவ்வொரு குழாய்க்கும் புது டிப், அடுத்ததற்குப் போகுமுன் நன்றாகக் கலக்கல். முதல் குழாயில் நடந்த பிழை ஐந்தாவது வரை கூடவே போகும்.