ஆப்புக்குள்ளயே சாவி வைக்கலாமா?

பாலாத்தங்கரை:
ராணிப்பேட்டை பக்கம் ஷூ அப்பர் (மேல் பாகம்) தைக்கிற பத்து ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு சலான் ஆப் போட்டுக் குடுத்திருக்கேன். ஒவ்வொரு சலானும் பிரைவேட் கீயில, அதாவது ரகசிய டிஜிட்டல் சாவியில, கையெழுத்தாகிப் போகும். கீயை என்கிரிப்ட் பண்ணி ஆப்புக்குள்ளயே வச்சிட்டேன். பாஸ்வேர்டை நாலு துண்டா உடைச்சு கோடு முழுக்க இறைச்சு விட்டிருக்கேன். போதும்தானே?

சத்துவாச்சாரி_64:
போதாது தம்பி. நாலு துண்டையும் ஒட்டுற ஃபங்ஷனும் அதே ஏபிகேலதான், ஆப் ஃபைல்லயேதான் கிடக்குது. நான் எதுக்கு துண்டு பொறுக்கணும்? ஓடுற ஆப்புக்குள்ள எட்டிப் பாக்குற டூல் ஃப்ரிடாவை மாட்டி, கையெழுத்து போடுற நேரத்துல கீயை அப்படியே எடுத்துக்குவேன். வீட்டைப் பூட்டி சாவியை ஈபி பொட்டி மேல வைக்கிற கதை.

பாலாத்தங்கரை:
இன்னா அண்ணே, தையல் யூனிட்டுல யாரு ஃப்ரிடா மாட்டப் போறாங்க? எல்லாம் தெரிஞ்ச முகம்.

சத்துவாச்சாரி_64:
எல்லா போன்லயும் ஒரே கீ. ஒருத்தன் எடுத்தா பத்து யூனிட்டு பேர்லயும் சலான் போடலாம். கூலி ஜோடிக் கணக்கு, 200 ஜோடி கூட எழுதினா யார் காசு போகும்? ஆண்ட்ராய்ட் கீஸ்டோர்ல, அதான் போனே வச்சிருக்கிற சாவிப் பெட்டகத்துல, போனுக்கு ஒரு கீ உருவாக்கு. டேட்டா உள்ள போகும், கையெழுத்து மட்டும் வெளிய வரும், கீ வராது. கையெழுத்தை சரிபாக்க சர்வருக்கு அதோட ஜோடி, பப்ளிக் கீ போதும். சர்வர் ஒரு பக்கம், கீ ஒரு பக்கம். நம்ம வேலூர் ஜலகண்டேஸ்வரர் கதைதான்: கோயில் கோட்டைக்குள்ள, லிங்கம் எங்க சத்துவாச்சாரில இருந்துச்சு. 1981லதான் திரும்பிப் போச்சு.

கோட்டை_அகழி:
சாமியை இழுக்காதீங்க சார். ரூட் பண்ண போன்ல, அதாவது பூட்டெல்லாம் உடைச்சு முழு கட்டுப்பாடும் எடுத்த போன்ல, கீயைத் திருட வேண்டியதே இல்ல, அதை வச்சே பொய்ச் சலானுக்கு கையெழுத்து வாங்கிடலாம். தனிச் சிப்புல வைக்கிற ஸ்ட்ராங்பாக்ஸ் வந்ததே 2018ல, ஆண்ட்ராய்ட் 9ல. யூனிட்டுல இருக்கிறது ஓட்டை போனு. கீயை சர்வர் பக்கம் கேஎம்எஸ்ல (கீயைப் பாதுகாக்கிற சர்வீஸ்) வைங்க, அங்கயே கையெழுத்தாகட்டும்.

பாலாத்தங்கரை:
குடோனுக்குள்ள சிக்னலே இல்லீங்க. வெளிய வேப்பமரத்தடிக்கு வந்தா ஒரு கோடு காட்டும்.

சத்துவாச்சாரி_64:
அதான் போன்லயே வேணுங்கிறேன். அவன் தப்பு பண்ணா அவன் போன் பேர்லதான் விழும். அந்த ஒரு பப்ளிக் கீயை சர்வர்ல ரத்து பண்ணா முடிஞ்சது. போன் தொலைஞ்சாலும் புது போன், புது கீ.

கோட்டை_அகழி:
போன் தேதியைப் பின்னாடி தள்ளி வச்சு, "ரத்து பண்றதுக்கு முன்னயே போட்டேன்"னு நீட்டினா?

சத்துவாச்சாரி_64:
...அது நியாயம். ரத்துக்கு அப்புறம் சர்வருக்கு வந்து சேர்ற எதையும் தேதி பாக்காம நிறுத்தி வைக்கணும். ஆனா நேர்மையா போட்டு அனுப்ப முடியாம கிடந்த சலானும் அதுல மாட்டும். ஆள் வச்சு சரிபாக்கணும், வேற வழி தெரியல.

பாலாத்தங்கரை:
சரிண்ணே, கீஸ்டோருக்கே மாத்துறேன். பழைய கீ ஃபைலை கிட்ல (கோடோட ஒவ்வொரு மாத்தத்தையும் சேத்து வைக்கிற டூல்) டெலிட் பண்ணி கமிட்டும் போட்டுட்டேன்.

சத்துவாச்சாரி_64:
ஹிஸ்டரியில அப்படியே இருக்கும்பா! முதல்ல அந்த கீயை ரத்து பண்ணு, மத்ததைக் காலையில பேசலாம்.