இன்டீரியர் டிசைன் வேலை, தனி ஆள்: எல்எல்பி எப்போது போடலாம்? (காரைக்குடி)

வளவு_வாசல்:
காரைக்குடியில் இன்டீரியர் டிசைன் பார்க்கிறேன். பாதி வேலை பழைய நகரத்தார் வீடுகளை ஹோம்ஸ்டே ஆக்குவது. வரைபடம்தான் முக்கியம், சில இடங்களில் ஆத்தங்குடி டைல்ஸ், தேக்குக் கதவு வாங்கிக் கொடுப்பதும் உண்டு. மீதி, சிங்கப்பூரில் இருப்பவர்களின் ஊர் வீடுகளுக்கான டிசைன். போன வருஷ வரவு 34 லட்சம், எல்லாம் பேங்க் வழியாக. செலவு 9 லட்சம் ஆகும். 44ஏடிஏ-வில் (வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் வருமான வரிப் பிரிவு) ரிட்டர்ன் போடுகிறேன். ஜிஎஸ்டி பதிவு உண்டு. சிங்கப்பூர் பில்லுக்கு எக்ஸ்போர்ட் என்று வரி போடுவதில்லை. இப்போது ஒரு ஹோட்டல் பார்ட்டி, பொருளும் சேர்த்து எடுத்துச் செய்யுங்கள், ஆனால் நிறுவனப் பெயரில்தான் ஒர்க் ஆர்டர் என்கிறது. இன்னொருவர் அமெரிக்காவில் எல்எல்சி (அந்த நாட்டு நிறுவன வகை) போடச் சொல்கிறார். மனைவி பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்). அவரையும் சேர்த்து எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) போடலாமா? எத்தனை லட்சம் தாண்டினால் போட வேண்டும்?

கணக்கப்பிள்ளை:
தம்பி, லட்சக் கணக்கை வைத்துப் பார்த்தால் வேண்டாம் என்றுதான் வரும். 44ஏடிஏ-வில் 34 லட்சத்தில் பாதி, 17 லட்சம்தான் வருமானம். 2025-26 புதிய வரி முறையில் செஸ் சேர்த்து 1,45,600 ரூபாய்.

அதே வரவை எல்எல்பிக்கு மாற்றுங்கள். முதலில் இந்தப் பாதிக் கணக்கு எல்எல்பிக்குக் கிடையாது. நிஜ லாபம் 25 லட்சம். பங்குதாரர் சம்பளமாகக் கழிக்க அனுமதி: முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம், ஆக 16.8 லட்சம். பாக்கி 8.2 லட்சத்துக்கு எல்எல்பி கட்டுவது 31.2 சதவீதம், அதாவது 2,55,840. 16.8 லட்சத்தையும் நீங்களே எடுத்தால் உங்கள் கையில் இன்னொரு 1,41,440. மொத்தம் நாலு லட்சத்தை ஒட்டி வருகிறது. மனைவியோடு சரிபாதி பிரித்தால் ஆளுக்கு 8.4 லட்சம், அதற்கு வரி வராது. அப்போதும் எல்எல்பி கட்டும் 2,55,840 குறையாது. அவர் பி.ஆர்க். படித்து அந்த வேலையையே பார்ப்பதால் அவர் சம்பளம் உங்கள் கணக்கில் சேராது. படிப்போ வேலையோ இல்லாமல் பெயருக்குப் போட்டிருந்தால் சேர்த்துவிடுவார்கள்.

வரவு 50 லட்சத்தைத் தாண்டும்போது (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம்) 44ஏடிஏ கையை விட்டுப் போகும். அதுவரை வரிக்காக எல்எல்பி போடாதீர்கள்.

சுண்ணாம்புக்_காரை:
அண்ணே, வரியை விட ஹோட்டல் ஆர்டரைத்தான் கவனிக்க வேண்டும். வரைபடம் கொடுத்துக் கட்டணம் வாங்குவது ஒரு வேலை. 40 சதவீத அட்வான்ஸ் வாங்கித் தேக்குத் தூணும் டைல்ஸும் எடுப்பது வேறு வேலை. ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடி மேல் ஊற்றிக் கையால் செய்வது. அடைமழையில் காயத் தாமதமாகும். ஒப்பந்தத்தில் தாமத அபராதம் இருந்தால் அது உங்கள் தலையில். தனி ஆளாகக் கையெழுத்துப் போட்டால் உங்கள் சேமிப்பு, வீட்டுப் பங்கு எல்லாமே அந்தக் கடனுக்குப் பொறுப்பு. எல்எல்பி வேண்டிய இடம் இதுதான். வரவு பத்து லட்சமாக இருந்தாலும் இந்த மாதிரி கையெழுத்து வந்தால் போடுங்கள்.

ஆனால் உங்கள் சொந்தத் தவறுக்கு எல்எல்பி கவசமில்லை. எல்எல்பி சட்டத்தின் 28ஆம் பிரிவு, பங்குதாரர் தான் செய்த தவறுக்குத் தானே பொறுப்பு என்கிறது. சுவரை எடுக்கச் சொல்லி வரைந்து மேல்மாடி இறங்கினால் நீங்கள்தான். அதற்குத் தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும். பேங்கில் ஓவர்டிராஃப்ட் கடன் கேட்டாலும் சொந்த ஜாமீன் கேட்பார்கள்.

என் யோசனை: டிசைன் கட்டணம் உங்கள் பெயரிலேயே 44ஏடிஏ-வில் இருக்கட்டும். பொருளும் வேலையும் எடுத்துச் செய்வது மட்டும் எல்எல்பியில். ஒரே ஆர்டரை ரெண்டாக வெட்டாதீர்கள், அது வம்பு.

வளவு_வாசல்:
நன்றிண்ணே. பதிவு முகவரிக்குப் பூர்வீக வீட்டைக் கொடுக்கலாமா? இபி கனெக்‌ஷன் ஐயா பெயரில் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். பங்காளிகள் ஏழு புள்ளி (குடும்பம்).

கணக்கப்பிள்ளை:
வேண்டாம். ரெண்டு மாசத்துக்குள்ளான இபி பில்லும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். இல்லாதவர் பெயரில் பில் இருந்தால் கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது? ஏழு புள்ளியும் போட வேண்டும், அதில் ஒருவர் மலேசியாவில் இருப்பார். காரைக்குடி செக்காலையில் ஒரு ரூம் வாடகைக்குப் பிடித்து, பில்லில் இருக்கும் பெயருக்காரரிடமே ஒப்பந்தமும் கடிதமும் வாங்குங்கள்.

பதிந்த 30 நாளுக்குள் பங்குதாரர் ஒப்பந்தத்தைப் படிவம் 3-ல் ஏற்ற வேண்டும். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு வருஷா வருஷம் மே 30க்குள் படிவம் 11 (ஆண்டு அறிக்கை), அக்டோபர் 30க்குள் படிவம் 8 (கணக்கு அறிக்கை). வேலையே நடக்காத வருஷமும் இவற்றைப் போட வேண்டும். விற்றுவரவு 40 லட்சம் தாண்டினால் தணிக்கை. தச்சருக்கு ஒரே தடவையில் 30,000-க்கு மேல் கொடுத்தால் 1 சதவீதம் டிடிஎஸ் (வரியைக் கழித்து அரசுக்குக் கட்டுவது) பிடிக்க வேண்டும், அதற்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) வேண்டும். டிடிஎஸ் ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய்.

ஒரு_சிங்கப்பூர்_பில்:
யாரும் தொடாத ஒன்று. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்து டாலரில் அனுப்பினாலும், வீடு நம் பக்கத்துக் கானாடுகாத்தானில் இருந்தால் அது எக்ஸ்போர்ட் ஆகாது. ஐஜிஎஸ்டி (மாநிலம், நாடு தாண்டும் வியாபாரத்துக்கான ஜிஎஸ்டி) சட்டம் 13(4): அசையாச் சொத்து சார்ந்த சேவை, கட்டட வரைஞர், இன்டீரியர் டெக்கரேட்டர் உட்பட, சொத்து இருக்கும் இடத்தில்தான் நடந்ததாகக் கணக்கு. 18 சதவீதம் உண்டு. சிங்கப்பூர் ஃபிளாட்டுக்கு வரைந்தால்தான் எக்ஸ்போர்ட். பழைய பில்களை ஆடிட்டரிடம் காட்டி, வட்டி மேலும் ஏறும் முன் கட்டிவிடுங்கள். எல்எல்பி போட்டால் இது மறைந்துவிடாது; பழைய பான் எண்ணிலேயே நிற்கும்.

அமெரிக்க எல்எல்சி உங்களுக்கு எதற்கு? வெளிநாட்டுக்காரர் ஒருவரே உரிமையாளரான எல்எல்சி வருஷம் தவறாமல் அமெரிக்க வரித்துறையிடம் படிவம் 5472 போட வேண்டும், தவறினால் அபராதம் 25,000 டாலர். காரைக்குடி ஹோட்டல் ஆர்டருக்கு அது ஒரு பிரயோஜனமும் இல்லை.

கணக்கப்பிள்ளை:
13(4) சரி. தம்பி, ஓடுகிற வேலைகளை எல்எல்பிக்கு மாற்ற வேண்டாம், அவற்றைப் பழைய பெயரிலேயே முடியுங்கள். ஹோட்டல்காரரிடம் அட்வான்ஸ் வாங்கும் முன் எல்எல்பியின் பான், ஜிஎஸ்டி, கரன்ட் அக்கவுன்ட் மூன்றும் தயாராக இருக்கட்டும். அட்வான்ஸ் உங்கள் சொந்த அக்கவுன்டில் விழுந்துவிட்டால் வாங்கினது நீங்கள்தான் என்று ஆகிவிடும்.