ஓ.ஜே.சி. இசைத்தட்டு போலியா?

கேள்வி: பழைய கடையில் ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் இசைத்தட்டு கிடைத்தது. அட்டை ரிவர்சைடு என்ற இசைத்தட்டு நிறுவனத்துடையது, எண் மட்டும் ஓ.ஜே.சி. என்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை ஐயா. கலிபோர்னியாவின் ஃபேன்டசி நிறுவனம் 1971இல் பிரஸ்டீஜ் என்ற இன்னொரு ஜாஸ் நிறுவனத்தையும் மறு ஆண்டு ரிவர்சைடையும் வாங்கியது. முதலில் புது அட்டை போட்டு இரட்டைத் தட்டுகளாக விற்றார்கள். அந்த அட்டைகளை என்னால் சகிக்கவே முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில்தான் ‘ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்’ மறுவெளியீட்டு வரிசை வந்தது; ஓ.ஜே.சி. என்பது அதன் சுருக்கம்தான். பழைய அட்டை, பின்புறக் குறிப்பு எல்லாம் அப்படியே, விலை மட்டும் குறைவு. ஒலிப்பதிவுச் செலவு என்றோ முடிந்த கணக்கு, மூல நாடாவும் கையிலேயே இருந்தது. பிறகென்ன?

இன்னொருவர்: 2004இல் ஃபேன்டசி கன்கார்டு என்ற இசை நிறுவனத்திடம் போனது. 2023இல் கன்கார்டின் மறுவெளியீட்டுப் பிரிவான கிராஃப்ட் இதே வரிசையை 180 கிராம் தட்டில் மீண்டும் தொடங்கியது. அதை மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேட்டவர்: நன்றி. இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல் ‘டிக் டிக்’ என்கிறது. போகட்டும், பியானோ தெளிவாகவே கேட்கிறது.