ஜப்பான் சுவரும் நம் ஊர் மூன்று பின்னும்

ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் டோக்கியோ போயிருந்தேன். முதல் ராத்திரி ஹோட்டல் அறைக்கு வந்தபோது லேப்டாப்பில் 12 சதவீதம்தான் சார்ஜ். சுவர் சாக்கெட்டில் இரண்டே இரண்டு கீறல்கள். என் கையிலோ நம் ஊர் உருண்டைப் பின், அதுவும் மூன்று.

ஏர்போர்ட்டில் வாங்கிய ‘எல்லா நாட்டு’ அடாப்டரைச் செருகினேன். அதுவே சோப்புக்கட்டி கனம். நம் பிளக்கும் சேர்ந்து தொங்கியதில் சாக்கெட்டில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் சூட்கேஸை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன்.

அங்கே 100 வோல்ட்தான், வோல்ட்டை மாற்றும் கன்வெர்ட்டர் இல்லாமல் போகாதே என்று பயமுறுத்தியிருந்தார்கள். சார்ஜர் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் ஒன்றும் வேண்டாம். ஆனால் கூட வந்தவர் ஊரிலிருந்து கெட்டில் கொண்டுவந்திருந்தார். 230 வோல்ட்டுக்குச் செய்தது 100-ல் ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடத் தராது. அவர் நூடுல்ஸ் ஊறியது, வேகவில்லை!

மறுநாள் டோக்கியோவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான அகிஹாபாராவில்தான் புத்தி வந்தது. சார்ஜர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள வயர் கழன்று வரும். பெட்டியில் செருகும் மூன்று இலை வடிவ முனை என் சார்ஜரில் இருந்த அதேதான். ஜப்பான் பின் வைத்த வயர் ஒன்று வாங்கினேன். எர்த்துக்காகப் பச்சை வயர் ஒன்று வாலாகத் தொங்கியது, அதைச் செருக அறையில் இடமே இல்லை. அடாப்டர் அதற்கப்புறம் சூட்கேஸை விட்டு வெளியே வரவில்லை.

---

நீங்கள் எர்த் என்றதும் என் கதை ஞாபகம் வந்தது. முனிச்சில் நம் ஊர் போலவே 230 வோல்ட், செல்போன் சார்ஜரின் இரட்டைப் பின் அப்படியே உள்ளே போனது. லேப்டாப்பின் மூன்று பின் போகவில்லை. மலிவாக ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினேன், சார்ஜ் ஏறியது. ஆனால் அலுமினிய உடம்பில் மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி சுருசுரு. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் சுவர்ப் பக்கம் இரண்டே பின். எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. பக்கவாட்டில் பித்தளைப் பட்டை வைத்த அடாப்டர் மாற்றியபின் எறும்பு போய்விட்டது.

---

உங்கள் இருவர் கதையும் படித்தேன். நாங்கள் குடும்பமாக வெளிநாடு போனால் ஒரே அடாப்டர்தான், கூடவே வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் சார்ஜர்கள் மட்டும்; இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே விடுவதில்லை.