புதுப்பிப்பு: வரிகளை இணைக்கும் கட்டளை சரியாகிவிட்டது

நான் உருவாக்கிவரும் எடிட்டரில் (உரையைத் தட்டச்சு செய்து திருத்தும் மென்பொருள்) இரு வரிகளை இணைத்தால் நடுவே நான்கைந்து இடைவெளிகள் விழுவதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. வரிமுறிவை மட்டும் எடுத்துவிட்டு, அடுத்த வரியின் தொடக்க இடைவெளிகளை அப்படியே விட்டிருந்தேன். இப்போது அவற்றையும் நீக்கி ஒரே ஓர் இடைவெளி வைக்கிறேன். ஆனால் ‘கூட்டு(அ, ஆ’ என்ற வரிக்குக் கீழே ‘)’ மட்டும் இருந்தால் அந்த ஓர் இடைவெளியும் உறுத்துகிறது. அங்கே எதுவும் வைப்பதில்லை. விம் (Vim) என்ற பிரபல எடிட்டரும் இப்படித்தான் செய்கிறது.

எத்தனை வரிகளை இணைப்பது என்ற எண்ணிக்கையிலும் தவறியிருந்தேன்: கட்டளையோடு 3 என்று கொடுத்தால் மூன்று வரிகள் ஒன்றாக வேண்டும், அதாவது இரண்டே இணைப்புகள். நான் மூன்று முறை இணைத்து, நான்காவது வரியையும் விழுங்கிக்கொண்டிருந்தேன்!

கடைசி வரியில் கட்டளை இப்போது எதையும் தொடாது. செயல்தவிர்ப்பு (undo) மட்டும் பாக்கி. எத்தனை வரிகளை இணைத்தாலும் ஒரே விசை அழுத்தத்தில் பழைய நிலை திரும்ப வேண்டும்.